வாடகை வீட்டில் பூசணம்: செலவு யார் தலையில்?

என் பக்கத்து வீட்டில் பீரோவை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. உள்ளே கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் பூசணம். அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடி வீட்டு பாத்ரூம். ஆறு வயதுப் பிள்ளைக்கு மழைக்காலம் முழுக்க இளைப்பு. ஓனர் வந்து பார்த்தார். "ஜன்னலைத் திறக்கிறதில்ல, துணியை உள்ளேயே காயப்போடுறீங்க" என்று சொல்லிவிட்டு மேலாகப் பெயின்ட் அடித்தார். இருபது நாளில் மறுபடி வந்தது. காலி செய்தபோது அந்தப் பெயின்ட் காசையும் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டு அம்மா பேசாமல் மீதியை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்ததிலிருந்து இதை எழுத வேண்டும் என்றிருந்தேன்.

தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் (2017) நடப்பில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. அதனால் பூசணத்தைக் கொண்டுவரும் ஓதம், அதாவது சுவரின் ஈரம், எங்கிருந்து வருகிறது என்பதுதான் முழுச் சண்டையும். ஒரே இடத்தில் மஞ்சள் விளிம்போடு கறை, மழைக்கு மறுநாள் விரிகிறது, மேலே பாத்ரூமோ மொட்டைமாடியோ இருக்கிறது என்றால் அநேகமாகக் கசிவுதான். வாரா வாரம் அதே இடத்தில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். "மேல் வீட்டுக்காரர்கிட்ட நீங்களே பேசிக்கங்க" என்பார்கள். நீங்கள் வாடகை கொடுப்பது உங்கள் ஓனருக்கு. மேல் வீட்டோடு பேச வேண்டியவர் அவர்.

வாயால் சொன்னது எங்கும் நிற்காது. கடிதமாக எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால் நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. 14,000 ரூபாய் வாடகைக்கு 12,000 செலவானால் முதல் மாதம் 7,000, அடுத்த மாதம் 5,000. கோபத்தில் வாடகையையே நிறுத்திவிடுகிறார்களே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மாத பாக்கி வீட்டைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகலாம்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. "பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவெல்லாம் வேண்டாம்" என்று ஒரு பத்திரத்தில் எழுதி டிராயரில் போட்டுவிடுகிறோம். இந்தச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதியாத ஒப்பந்தம் சாட்சியாக நிற்காது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் அதைக் காட்டியே ஓனர் உங்களைக் காலி செய்ய வழக்குப் போடலாம். ஆகவே கடிதம் எழுதுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். வாடகைதாரரே விண்ணப்பிக்கலாம். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. இந்தப் பதிவுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்று நாளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்பார்கள். மாநகராட்சியில் "தனியார் கட்டடம்" என்பார்கள். திங்கள்கிழமை கலெக்டரிடம் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றும். பிள்ளை இருமிக்கொண்டிருப்பது எந்த மேசைக்கும் தெரியாது. ஓனர் கோபத்தில் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தினால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள், நேராக வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள்.

வீட்டில் இருக்கவே முடியாத நிலை, எழுதிக் கேட்டும் செய்யவில்லை என்றால் 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். சாவியை நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுங்கள். எதற்கு எவ்வளவு பிடிக்கிறார் என்று அவர் கையெழுத்தில் வாங்குங்கள். வெள்ளையடிப்பு என்று எழுதினால் இரண்டாம் அட்டவணையை அங்கேயே எடுத்துக் காட்டுங்கள்.