மகாலுக்குள் வெயில் எப்படி வருகிறது?

மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலுக்கு உச்சிவெயில் நேரத்தில் போய்ப் பாருங்கள். திறந்த முற்றத்தில் வெயில் கொளுத்தும். வளைவுகளின் அடிப்பக்கத்துக்குச் சூரியக் கதிர் நேராகப் போக வழியே இல்லை. ஆனாலும் அங்கிருக்கும் சுதை வேலைப்பாடு தெளிவாகத் தெரியும். தரையில் பட்டுத் தெறித்து மேலே ஏறிய வெளிச்சம் அது.

இந்த மகாலை, கணினி வரையும் உலகத்தைக் கண்முன் காட்டும் விஆர் (மெய்நிகர்) கண்ணாடிக்குள் கட்டுபவருக்கு இதுதான் பெரிய வேலை. தூணின் அளவு, பூவேலை எல்லாம் அச்சு அசலாக இருந்தாலும், சூரியனை மட்டும் விளக்காக வைத்தால் நிழல் பக்கம் மைக்கறுப்பாகிவிடும். சரி என்று எங்கும் ஒரே வெளிச்சத்தைப் பூசினால், தூண்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல் நிற்கும்.

தெறிக்கும் ஒளி நிறத்தையும் கூட்டிப்போகும். மொட்டை மாடியில் சிவப்புச் சுங்குடிச் சேலை காயும்போது பக்கத்து வெள்ளைச் சுவரைக் கவனியுங்கள். லேசாகச் செம்மை ஏறியிருக்கும். சுவரிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து சேலைக்கு, மறுபடி சுவருக்கு... இந்த முடிவில்லாத கொடுக்கல் வாங்கலை 1986இல் கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் கஜியா ஒரே சமன்பாட்டில் எழுதிவிட்டார். அதைத் தீர்ப்பதுதான் பாடு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களைத் துரத்த வேண்டும். சினிமாவுக்கு ஒரு ஃபிரேமுக்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். விஆரில் நொடிக்கு 90 ஃபிரேம் என்றால், ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லிநொடி. அதற்குள் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். பிந்தினால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

அதனால் கணக்கை முன்கூட்டியே போட்டு, வெளிச்சத்தையும் நிழலையும் சுவர்மேலேயே படமாக ஒட்டிவிடுகிறார்கள். பேக்கிங் (baking, சுட்டுவைப்பது) என்று பெயர். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் வெயில் நகராது. காலை பத்து மணி என்று ஒட்டினால் என்றைக்கும் பத்து மணிதான்.

மினுக்கத்தை இப்படி ஒட்டிவைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பித்தளைக் குடத்தை ஜன்னலோரம் வைத்து, ஒரு கண் மாற்றி ஒரு கண் மூடிப் பாருங்கள். மினுக்கம் இடம் மாறும். இரண்டு கண்ணும் அதை வேறு வேறு இடத்தில் காண்பதால், மூளை அதைக் குடத்தின் தோலுக்குச் சற்று உள்ளே வைக்கிறது. பித்தளை பித்தளையாகத் தெரிவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு கண்ணுக்கும் ஒரே இடத்தில் காட்டினால் வெள்ளை பெயிண்ட் சொட்டியதுபோல் ஆகிவிடும். எனவே ஒவ்வொரு ஃபிரேமிலும், ஒவ்வொரு கண்ணுக்கும் அதைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

மகாலின் சுண்ணாம்புத் தூண்களிலும் ஒரு மெல்லிய வழவழப்பு உண்டு. சுற்றி நடந்தால் மங்கிய ஒளி கூடவே வழுக்கி வரும். நான் அந்த மகாலைக் கட்டினால், 11 மில்லிநொடியில் பெரும்பங்கை அதற்குத்தான் கொடுப்பேன்.