‘ஆப்வியஸ்’ என்பது வெளிப்படையா, எளிதில் எட்டுவதா?

காப்புரிமை (பேடன்ட்) விண்ணப்பங்களைக் கவிழ்ப்பதில் பெயர்போன சொல் ஒன்று உண்டு: ‘ஆப்வியஸ்’. நீங்கள் கண்டுபிடித்தது புதிதாக இருக்கலாம், பயனுள்ளதாகவும் இருக்கலாம். ஆனாலும் அது ‘ஆப்வியஸ்’ என்று காப்புரிமை அலுவலகத்துப் பரிசோதகர் முடிவுகட்டி, அதை உங்களால் மறுக்க முடியாமல் போனால் காப்புரிமை இல்லை. தமிழில் இதை ‘வெளிப்படையானது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அகராதியும் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு அதில் நெடுநாளாக ஒரு நெருடல்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ஓப்’ என்றால் எதிரே, ‘வியா’ என்றால் வழி. இரண்டும் சேர்ந்த ‘ஓப்வியுஸ்’ என்பதற்கு வழியில் எதிர்ப்படுவது என்று பொருள். நடந்து போகிறவர் தேடாமலேயே அவர் காலில் வந்து தட்டுப்படும் பொருள். ஆக, சொல்லின் வேரில் இருப்பது கண் அல்ல, நடை.

நம்மிடம் இருக்கும் சொற்களோ கண்ணைச் சுற்றியே நிற்கின்றன. வெள்ளிடைமலை, உள்ளங்கை நெல்லிக்கனி, கண்கூடு, வெட்டவெளிச்சம் எல்லாமே ஏற்கெனவே இருக்கும் ஒன்று மறைவில்லாமல் தெரிவதைச் சொல்பவை. ‘வெளிப்படை’யும் அதே இனம்தான், வயதும் அதிகம். “வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன” என்கிறது தொல்காப்பியம். பொருள் தானாகவே விளங்கும் சொற்களை விளக்க வேண்டாம், விளங்காதவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்பது கருத்து. தெரிந்ததற்கு இங்கே இடமில்லை என்று தொல்காப்பியரும் ஒரு வகையில் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! இன்றைக்கு இந்தச் சொல்லுக்கு இன்னொரு சுமையும் ஏறியிருக்கிறது. அரசு நிர்வாகம் பற்றிப் பேசும்போது ‘வெளிப்படைத்தன்மை’ என்றால் ஒளிவுமறைவு இல்லாமல் நடப்பது. அதையே காப்புரிமைக் கட்டுரையிலும் போட்டால் வாசகர் எதைத்தான் எடுத்துக்கொள்வார்?

நெருடலுக்கு முக்கியமான காரணம் இது அல்ல. காப்புரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக நிற்கின்றன. இது ஏற்கெனவே இருக்கிறதா என்பது ஒன்று. அது புதுமை பற்றிய கேள்வி. ‘ஆப்வியஸ்’ என்ற கேள்வி அதைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் எழுகிறது. அதாவது அந்தப் பொருள் இதுவரை எங்கேயும் இல்லை. சரி, ஆனால் தொழில் தெரிந்த ஒருவர் கையில் இருப்பதை வைத்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைத்தாலே அது வந்துவிட்டிருக்குமா? இதுதான் கேள்வி. இன்னும் பிறக்காத ஒன்றைப் பற்றி ‘வெளிப்படை’ என்று எப்படிச் சொல்வது?

‘பேடன்ட்’ என்ற சொல்லிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதன் லத்தீன் வேருக்குத் திறந்திருத்தல் என்று பொருள். அரசர் ஒருவருக்கு உரிமை வழங்கும்போது யாரும் படிக்கும்படி மூடாமல் கொடுத்த திறந்த மடல்தான் ‘லெட்டர்ஸ் பேடன்ட்’. நாம் அதற்கு வைத்த பெயரோ காவலைக் குறிக்கும் ‘காப்பு’. அதிலும், எழுத்துக்கும் இசைக்கும் உரிய பதிப்புரிமையையும் பலர் ‘காப்புரிமை’ என்றே எழுதுவதால் இரண்டும் குழம்புகின்றன. அதற்காகச் சிலர் பேடன்ட்டைக் ‘காப்புரிமம்’ என்று பிரித்து எழுதுகிறார்கள். நல்ல முயற்சி. பழக்கம் கருதி நான் இங்கே காப்புரிமை என்றே எழுதுகிறேன்.

சட்டத்துக்குள் இந்தக் கேள்வி வந்தது ஒரு கதவுக் குமிழால். குமிழை மரத்திலும் உலோகத்திலும் செய்துகொண்டிருந்த காலத்தில், களிமண்ணிலோ பீங்கானிலோ செய்வதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். 1851-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது திறமையான தொழிலாளியின் வேலை, கண்டுபிடிப்பாளரின் வேலை அல்ல என்றது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுகள் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு தடுமாறின. 1941-இல், கார்களில் வரும் சுருட்டுப் பற்றவைப்பான் பற்றிய வழக்கில், மேதைமையின் மின்னல் தெறிக்க வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள். மின்னலை யார் அளப்பது? 1952 சட்டம் அந்தப் பேச்சை நிறுத்தியது. அத்துறையில் சாதாரணத் திறன் உள்ளவருக்கு அது ‘ஆப்வியஸ்’ஸாக இருந்திருக்குமா என்பது மட்டுமே கேள்வி, எந்த விதத்தில் கண்டுபிடித்தார்கள் என்பது பொருட்டல்ல என்று 103-ஆம் பிரிவு சொன்னது. 2007-இல் வாகன ஆக்சிலரேட்டர் மிதி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சேர்த்தது: அந்தச் சாதாரணத் திறனாளருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு, அவர் எந்திரப் பொம்மை இல்லை.

இந்தியாவிலும் இதற்கு ஒரு முன்னோடி வழக்கு இருக்கிறது, அது பாத்திர வழக்கு. கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு நிறுவனம் 1951-இல் ஓர் ஏற்பாடு செய்து காப்புரிமை வாங்கியிருந்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. அது கண்டுபிடிப்பு ஆகாது, பட்டறையில் வழக்கமாகச் செய்துகொள்ளும் சீர்திருத்தம்தான் என்பது தீர்ப்பின் சாரம். பட்டறைக்காரர் இதைப் படித்தால் ‘வெளிப்படை’ என்ற சொல்லைத் தேடமாட்டார். “இது யாருக்கும் தோணுறதுதானேய்யா” என்பார். எனக்கு வேண்டிய சொல் இந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இப்போது, ஒரே கணினியில் நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் ‘கன்டெய்னர்’ என்ற மென்பொருள் ஏற்பாட்டுக்கு வருவோம். மென்பொருளில் இந்தக் கேள்வி எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் ஓடும் மெய்நிகர் எந்திரம் என்றால் ஒரே மனையில் தனித்தனி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கிணறு. கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். இயங்குதளத்தின் மையமான ‘கர்னல்’ என்கிற கிணறு எல்லாருக்கும் பொது. ஆனால் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தன் போர்ஷன்தான் முழு வீடு என்று தோன்றும்படி தடுப்புகள் எழுப்பியிருக்கும். இந்தத் தடுப்புகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1979-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் ‘சிஎச்ரூட்’ வந்தது. ஒரு நிரலுக்கு, இந்தக் கோப்புறைதான் உன் வாசல், இதற்கு வெளியே உலகம் இல்லை என்று சொல்லிவிடும் வசதி அது. 2000-இல் ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ‘ஜெயில்’ கொண்டுவந்தது. 2005-இல் சோலாரிஸ் 10 என்ற இயங்குதளத்துடன் ‘ஜோன்’ வந்தது. யார் எத்தனை வாளி இறைக்கலாம், அதாவது எந்த நிரல் கணினியின் வளங்களை எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்கு வைக்கும் வேலையை 2006-இல் கூகுள் பொறியாளர்கள் லினக்ஸுக்காகத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் ‘பிராசஸ் கன்டெய்னர்ஸ்’. அந்தச் சொல் ஏற்கெனவே பல பொருளில் புழங்கிக்கொண்டிருந்ததால், 2007-இல் ‘கன்ட்ரோல் குரூப்ஸ்’ என்று மாற்றி, 2008 ஜனவரியில் லினக்ஸில் சேர்த்தார்கள். 2013-இல் டாக்கர் என்ற மென்பொருள் வந்து இவற்றையெல்லாம் ஒரே கட்டளைக்குள் அடக்கியது.

இந்தத் தடுப்பு வேலைக்குக் கப்பல் சரக்குப் பெட்டியின் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1956 ஏப்ரலில் அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டிகளோடு நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. உள்ளே என்ன சரக்கு என்று கப்பலுக்கோ கிரேனுக்கோ கவலை இல்லை. மென்பொருள்காரர்களுக்குப் பிடித்துப்போனது அதுதான். தமிழில் ‘கொள்கலன்’ என்று வழங்குகிறோம். ‘கலன்’ என்றே சுருக்கினாலும் எனக்குச் சம்மதம். ‘கலம்’ நமக்குப் பாத்திரமும்தான், மரக்கலத்தில் கப்பலும்தான், நெல் அளக்கும்போது 12 மரக்காலும்தான். பெட்டியும் கப்பலும் அளவும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது வேறு எதற்கு அலைய வேண்டும்?

சரி, டாக்கருக்குப் பத்தாண்டு முன்னால் போவோம். 2003 செப்டம்பரில் கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த டிரைஜென்ஸ் நிறுவனம் ஒரு விண்ணப்பம் போட்டது. ஒரு செயலியை, அது ஓடத் தேவையான சிஸ்டம் கோப்புகளோடு சேர்த்து, கர்னலை மட்டும் விட்டுவிட்டு, ஒரு கலனுக்குள் வைத்து வெவ்வேறு சர்வர்களில் ஓட்டும் முறை பற்றியது அது. 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் 7,519,814 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் அது விர்ட்டாமூவ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்து, 2024-இல் அமேசான், கூகுள், ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன.

இப்போது நீங்கள் பரிசோதகர் நாற்காலியில் உட்காருங்கள். இது எளிதாகத் தோன்றியிருக்கக் கூடியதா? டாக்கரை எடுத்துக் காட்டக் கூடாது, அது 2013. சோலாரிஸ் ஜோனும் அப்போது வெளியாகவில்லை. கையில் இருப்பவை சிஎச்ரூட்டும் ஜெயிலும் அவற்றின் காலத்துச் சரக்குகளும்தான். ஒரு பக்கத்து வக்கீல், குடித்தனத்துக்குத் தடுப்பு எழுப்புவது வேறு, அந்தப் போர்ஷனையே மூட்டை கட்டி வேறு கிணறு உள்ள வீட்டுக்கு அனுப்புவது வேறு என்பார். எதிர்ப்பக்கத்தார், சிஎச்ரூட் கோப்புறையில் தேவையான லைப்ரரிகளை (துணை நிரல்களை) நகலெடுத்துப் போடுவது சிஸ்டம் அட்மின்களின் அன்றாட வேலை, அதைச் சுருட்டி இன்னொரு சர்வரில் விரிப்பதற்கு என்ன மூளை வேண்டும் என்பார். இரண்டு வாதத்துக்கும் எடை இருக்கிறது. தீர்மானிப்பது அந்தத் தேதியும், தேதியன்று அந்தத் தொழிலாளிக்கு எது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதும்தான்.

இங்கே எல்லாரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அடிக்காமல், திட்டாமல் கண்ணீரை வரவழைப்பான், அவன் யார்?’ என்ற விடுகதைக்கு விடை வெங்காயம் என்று தெரிந்த பிறகு, தெரியாமல் இருந்த நிலைக்குத் திரும்பிப் போக முடிகிறதா பாருங்கள். தினமும் நாலு கன்டெய்னர் ஏற்றி இறக்குகிற இன்றைய பொறியாளருக்கு 2003-இன் மண்டையோடு யோசிப்பது அதே அளவு கடினம். நீதிமன்றங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பொருள் சந்தையில் எப்படிப் போனது, நெடுநாள் தீராத தேவையைத் தீர்த்ததா, மற்றவர்கள் முயன்று தோற்றார்களா என்ற பக்கச் சான்றுகளையும் பார்க்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-இல், ஒரு கலப்பை வழக்கில் சொல்லி வைத்தது.

சென்னை கிண்டியில் இருக்கும் நம் காப்புரிமை அலுவலகத்தில் இதே விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தால், இன்னொரு தடையையும் தாண்ட வேண்டியிருக்கும். கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970 சட்டத்தின் 3(கே) பிரிவு. அது தனிக் கதை.

தமிழ்ச்சொல்லுக்கு வருகிறேன். ‘எளிதில் புலப்படுவது’ என்று எழுதுபவர்கள் உண்டு. ‘வெளிப்படை’யைவிட மேல், ஆனாலும் கண்ணை விட்டு நகரவில்லை. நான் முன்வைப்பது ‘எளிதில் எட்டுவது’. எட்டுதல் என்றால் கை நீட்டித் தொடுதல். அறிவுக்கு எட்டியது என்கிறோம், எட்டாக் கனி என்கிறோம். அதோடு ‘ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வா’ என்று வீட்டில் சொல்கிறோமே, அந்த எட்டு ஓர் அடி, ஒரு நடை. லத்தீன் வேரில் இருந்த நடையும், சட்டம் கேட்கும் அடுத்த அடியும் இந்த ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. ‘ஆப்வியஸ்’ அல்லாததைக் குறிக்கும் ‘நான்-ஆப்வியஸ்’ என்பதற்கு ‘எளிதில் எட்டாதது’. ஐரோப்பியச் சட்டமும் நம் சட்டமும் சொல்லும் ‘இன்வென்டிவ் ஸ்டெப்’புக்குப் ‘புத்தாக்கப் படி’ இருக்கட்டும். ‘புத்தாக்க எட்டு’ என்றால் ஒன்பதாவது எங்கே என்று கேட்பார்கள். சட்டம் கற்பித்துக்கொள்ளும் அந்தச் சாதாரணத் திறனாளரைத் ‘துறை வல்லுநர்’ என்று எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டம் கேட்பது வல்லுநரை அல்ல, ‘தொழில் தெரிந்தவர்’ போதும்.

‘இன்வென்டிவ் ஸ்டெப்’புக்கு நம் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு தரும் வரையறையை இப்படி எழுதிப் பார்த்தேன்: “ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிடுகையில் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ உடையதாய், அக்கண்டுபிடிப்பைத் தொழில் தெரிந்தவருக்கு எளிதில் எட்டாததாக்கும் கூறு.” இதே இடத்தில் ‘வெளிப்படையாக இல்லாததாக்கும் கூறு’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். விண்ணப்பதாரர் எதையோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது.