ஆடிக்காற்றும் சோலார் பந்தலும்

வள்ளியூர்ப் பக்கம் ஒரு சந்தைத் திடலில் சோலார் பந்தல் (சோலார் பேனல்களையே கூரையாக வைத்த பந்தல்) போட இடம் பார்க்கப் போயிருந்தேன். தேங்காய்க் கடை அண்ணாச்சி ஒருவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இம்புட்டுக் கண்ணாடியையும் இந்தத் தூணு தாங்கிருமா?" என்று கேட்டார். "தாங்கிரும் அண்ணாச்சி. பறந்துராம பிடிச்சு வைக்கிறதுதான் பெரும்பாடு" என்றேன்.

கணக்கைப் பாருங்கள். பெரிய பேனல் ஒன்று சுமார் 28 கிலோ. பரப்புக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 11 கிலோ வரும். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் அடிக்கும் புயல்காற்று அதே சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 98 கிலோ பாரத்துக்குச் சமமாக அழுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. சுவரில்லாத பந்தலைக் காற்று மேலிருந்து உறிஞ்சும், கீழிருந்தும் தூக்கும். மூலைகள்தான் அதிகம் அடிவாங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி இத்தனை காற்றாலைகள் நிற்கிற சீமை இது. பந்தல் போடுகிறவர் அதை மறக்கலாமா?

அதனால் இங்கே அஸ்திவாரம் நங்கூரம் மாதிரி, கனமாக இருக்க வேண்டும். கயத்தாறு பக்கத்துக் கரிசல் மண் என்றால் இன்னும் கவனம்: மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மண்ணைப் பரிசோதிக்காமல் ஊருக்கு ஊர் ஒரே அளவுக் குழி தோண்டுவது தவறு. பேனலின் சாய்வைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டம். திருநெல்வேலி 9 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், தெற்கு நோக்கி 10 டிகிரி போதும். காற்றும் குறைவாகப் பிடிக்கும்.

சரி, பந்தல் எழும்பிவிட்டது. மறு ஆடியில் போனபோது கிழக்குப் பக்கம் முழுக்கப் படுதா கட்டியிருந்தார்கள். காலை வெயில் காய்கறியை வாட்டுகிறதாம். அவர்கள் கஷ்டம் நியாயம்தான். ஆனால் காற்று மேற்கிலிருந்து நுழைகிறது. வெளியேறும் வழியை அடைத்தால் அது கூரையைத் தூக்கத்தான் பார்க்கும். ஏணி வைத்து மூலைக்கு ஏறினேன். ஒவ்வொரு நட்டையும் முறுக்கியதும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைப்போம். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. அந்த மூலையில் இரண்டு கோடுகள் உடைந்து விலகியிருந்தன. கம்பியில் கை வைத்தால் நடுக்கம் தெரிந்தது. அன்றைக்கே படுதாவை அவிழ்க்கச் சொல்லி, நட்டுகளை மறுபடி முறுக்கினோம். வெயிலுக்குப் பச்சை வலையாவது கட்டலாமா என்றார்கள். அதுவும் ஓரளவு காற்றை மறிக்கும். கடைக்குள் தாழ்வாகக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். தூணுக்குத் தூண் பிளெக்ஸ் கட்டுவதும் இதே தப்புதான்.

அப்புறம் தண்ணீர். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளேயே வந்ததைப் பார்த்தோம். வெள்ளம் வருமுன், ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறைக் கோயில் முருகனின் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போகிற ஊர் நமது. இன்வெர்ட்டரையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். யாரும் தொடக் கூடாது.

உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ இப்படி ஒரு பந்தல் வருகிறது என்றால், எத்தனை கிலோவாட் என்பதோடு இதையும் கேளுங்கள்: ஆண்டுதோறும் ஆனி பிறக்குமுன் ஏறி அந்தச் சிவப்புக் கோடுகளைப் பார்க்க ஆளும் பணமும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?