புது இன்ஜின் ஏன் துள்ளுகிறது?

புதிதாக வாங்கிய டிசிசி (டிஜிட்டல் கட்டளையில் ஓடும்) மாதிரி ரயில் இன்ஜினைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் கை நேரே பெரிய பாதைக்குத்தான் போகும். அங்கே வைக்காதீர்கள். முதலில் புரோகிராமிங் டிராக்கில் வையுங்கள். இன்ஜினைவிடக் கொஞ்சம் நீளமாக, மற்ற பாதைகளோடு எந்த மின்தொடர்பும் இல்லாத ஒரு துண்டுத் தண்டவாளம் போதும். அதில் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலரில் சிவி 1-ஐப் படிக்கச் சொல்லுங்கள். சிவி என்பது இன்ஜினின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம், சிவி 1-இல் இருப்பது இன்ஜினின் முகவரி. இன்ஜின் நின்ற இடத்திலேயே சின்னதாகச் சில முறை துள்ளும். கடைசித் துள்ளலுக்குப் பிறகு திரையில் 3 என்று வரும். துள்ளுவதைப் பார்த்து மோட்டாரில் கோளாறோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். கோளாறு இல்லை, இன்ஜின் பதில் சொல்கிறது.

அது ஏன் இப்படிப் பதில் சொல்ல வேண்டும்? பழைய டிசி முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தம்தான் வேகம். 12 வோல்ட் கொடுத்தால் முழு வேகம். நேர், எதிர் முனைகளை மாற்றினால் பின்னோக்கி ஓடும். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்துதான் நகரும். டிசிசி முறையில் தண்டவாளத்தில் முழு மின்னழுத்தம் எப்போதும் இருக்கிறது, ஆனால் அதன் முனைகள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை புரள்கின்றன. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரள்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. அரைச் சுற்று 58 மைக்ரோ விநாடி என்றால் அது '1'. 100 மைக்ரோ விநாடி என்றால் '0'. குறைந்தது பதினான்கு '1' வரிசையாக வந்தால் கட்டளை தொடங்கப்போகிறது என்று டிகோடர் (இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரை இயக்கும் சிறு சர்க்யூட்) காதைத் தீட்டிக்கொள்ளும். பிறகு முகவரி, கட்டளை, சரிபார்ப்பு எண் என்று மூன்று பைட்டுகள் வரும். சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் டிகோடர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும். ஒரு கட்டளை முடிய ஏறத்தாழ 6 மில்லி விநாடிதான் ஆகிறது, அதுவும் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. அதனால் தூசியில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் ஓட்டத்தில் தெரியாது.

இந்த அடிப்படை ஏற்பாட்டில் பேச்சு ஒருவழிதான். கன்ட்ரோலர் பேசலாம், டிகோடருக்கு வாய் இல்லை. அதனால் அது மோட்டாரை ஒரு கணம் இயக்கி, சுமார் 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுக்கிறது. கன்ட்ரோலர் இதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்கிறது. பல கன்ட்ரோலர்கள் மதிப்பை ஒவ்வொரு பிட்டாகக் கேட்கும்: "முதல் பிட் 1-ஆ? இரண்டாவது 1-ஆ?" எட்டு கேள்விகள், கடைசியில் முழு எண்ணுக்கும் ஓர் உறுதிப்படுத்தல். முகவரி 3 என்பது இருமத்தில் 00000011. ஆகவே இரண்டு பிட்டுக்கு இரண்டு துள்ளல், உறுதிப்படுத்த ஒன்று, மொத்தம் மூன்று. விரலை இன்ஜின் மேல் லேசாக வைத்துப் பாருங்கள், எண்ணிவிடலாம்.

பதிலே வரவில்லையா? முதலில் சக்கரத்தைத் துடையுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, பயணத்தில் டிகோடர் பிளக் தளர்ந்திருக்கிறதா, மோட்டார் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒலி டிகோடர், மின்சேமிப்புக் கெப்பாசிட்டர் உள்ள இன்ஜின்கள் தொடக்கத்திலேயே நிறைய மின்னோட்டம் இழுப்பதால் 60 மில்லி ஆம்பியர் பதில் அதில் மறைந்துபோவது உண்டு. கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டுப் படித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெரிய பாதை வேண்டாம் என்பதற்கு வாட் கணக்கே காரணம். 15 வோல்ட், 5 ஆம்பியர் பூஸ்டர் (பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி) என்றால் 75 வாட். மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு கம்பி நசுங்கியிருந்தால் டிகோடர் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். புரோகிராமிங் டிராக்கில் மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தப்படுவதால் அதே பிழை 'பதில் இல்லை' என்ற ஒரு வரியோடு முடிகிறது. எட்டு முள் பிளக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டால் மட்டும் அவ்வளவு பயம் வேண்டாம்: இன்ஜின் எதிர்த்திசையில் ஓடும், விளக்கு எரியாது. திருப்பிச் செருகினால் போதும்.

படிக்க முடிந்துவிட்டதென்றால் உடனே முகவரியை மாற்றுங்கள். புது டிகோடர் எல்லாமே 3 என்ற முகவரியோடுதான் வருகிறது. இன்ஜினின் எண் 1234 என்றால் அதையே முகவரியாக வைக்கலாம். 1234-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 210. ஈவோடு 192-ஐக் கூட்டி 196-ஐ சிவி 17-லும், 210-ஐ சிவி 18-லும் எழுதுங்கள். பிறகு சிவி 29-இல் இருக்கும் மதிப்போடு 32-ஐக் கூட்டுங்கள். 6 இருந்தால் 38 ஆகும். இந்தக் கடைசிப் படியை மறப்பவர்கள்தான் அதிகம். மறந்தால் இன்ஜின் பழைய 3-க்கே தலையாட்டிக்கொண்டிருக்கும். பழைய இன்ஜினை வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றினாரோ தெரியாது. பல டிகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

டிகோடர் இல்லாத பழைய டிசி இன்ஜின் கைக்கு வந்தால் அதை டிசிசி பாதையில் நிறுத்தவே வேண்டாம். புரளும் மின்னோட்டத்தில் மோட்டார் நின்ற இடத்திலேயே ரீங்கரித்துச் சூடாகும். இரும்பு உள்ளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டார் சீக்கிரமே கருகிவிடும். டிகோடர் பொருத்துவதென்றால் முதலில் மல்டிமீட்டரால் மோட்டாரின் இரண்டு பிரஷ்களுக்கும் (மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் துண்டுகள்) சட்டத்துக்கும், பிரஷ்களுக்கும் சக்கரங்களுக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. பழைய மாடல்களில் கீழ்ப் பிரஷ் நேராக உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடரை வைத்தால் புது டிகோடர் போய்விடும்.

எச்ஓ (1:87) அளவு இன்ஜின் என்றால் சக்கரங்களின் உட்பக்க இடைவெளியையும் அளந்துவிடுங்கள், சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாயின்டில் (பாதை பிரியும் இடத்தில்) முட்டி ஏறும். அதே நேரத்தில் பாதையையும் சோதியுங்கள்: ஒரு நாணயத்தை இரு தண்டவாளத்துக்கும் குறுக்காக வைத்தால் பூஸ்டர் உடனே அணைய வேண்டும். அணையாத இடத்தில் கம்பி மெலிந்ததாகவோ இணைப்பு தளர்ந்ததாகவோ இருக்கிறது. அங்கே ஷார்ட் ஆனால் 75 வாட்டும் பிளாஸ்டிக் போகியை (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் பகுதியை) உருக்கிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகப் போகும்போது தடுமாறினால் சக்கரத்தில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கிறது என்று பொருள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத்துண்டைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, ஒரு போகியை அதன் மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்துங்கள். இன்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டினால் காகிதத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாமல் போகும்வரை காகிதத்தை நகர்த்தி நகர்த்தி ஓட்டிவிட்டு, இன்ஜினைத் திருப்பி அடுத்த போகியை வையுங்கள்.