102ஆம் நம்பர் பஸ்ஸும் பொத்திப் பார்க்காத கண்ணும்

போன மாசம் கொழும்பு கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு அம்மா என்னட்ட கண் காட்ட வந்தா, வயசு 64. மகள்தான் இழுத்துக்கொண்டு வந்தவ, ஏனெண்டா வெள்ளவத்தையில தங்கச்சி வீட்ட போயிட்டு திரும்பேக்க 102இல ஏறுறதுக்குப் பதிலா 100இல ஏறி புறக்கோட்டையில இறங்கி முழிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறா, அதுவும் ரெண்டாந்தரம். "எனக்கு நல்லாத் தெரியுது டொக்டர், இந்த வயசுக்கு இது காணும்" எண்டு சொல்லிக்கொண்டுதான் கதிரையில இருந்தா. (நான் டொக்டர் இல்ல, கண் செக் பண்ணி கண்ணாடி எழுதுற ஆள், எத்தின தரம் சொன்னாலும் டொக்டர்தான்.)

வலது கண்ணைப் பொத்தச் சொன்னன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு "லைட்ட நூத்திட்டீங்களோ?" எண்டு கேட்டா.

இடது கண்ணில கட்ராக்ட் (கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப் போறது) நல்லா முத்தி வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, எப்ப இருந்து எண்டு அவவுக்கே தெரியாது. வலது கண்ணிலயும் தொடங்கிட்டுது, 6/24 வரைக்கும்தான் வாசிச்சா, அதாவது நல்ல கண் 24 மீற்றர்ல வாசிக்கிற எழுத்தை இவ 6 மீற்றர்லதான் வாசிக்கிறா.

2014-15இல இலங்கை முழுக்க 40 வயசுக்கு மேற்பட்டவங்கள வச்சு ஒரு சர்வே செய்தாங்கள். பார்வையே இல்லாதவங்க 1000 பேர்ல 17 பேர், பார்வை குறைஞ்சவங்க 100 பேர்ல 17 பேர். முதல் கணக்கத்தான் எல்லாரும் கதைப்பாங்கள், எனக்குப் பயம் ரெண்டாவதில. நல்லாத் தெரியுற கண்ணை வச்சுத்தான் கணக்கெடுக்கிறது, அதால இந்த அம்மாவின்ட இடது கண் எந்தக் கணக்கிலயும் வராது, வலது கண்ணை வச்சு அந்த 100க்கு 17இல ஒராளா நிப்பா, அவ்வளவுதான். பார்வை போனவங்கள்ல மூண்டில ரெண்டு பங்குக்கு காரணம் கட்ராக்ட், ஒப்பரேஷன் செய்தா திரும்பி வாற பார்வை அது, அரசாங்க ஆஸ்பத்திரியில அதுக்குக் காசும் எடுக்கிறதில்ல. கண்ணாடி மட்டும் போட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும் எண்டவங்களும் எட்டில ஒரு பங்கு இருக்கினம், அதக் கேட்டா எனக்கு சரியான எரிச்சல் வரும்.

"முத்தட்டும், பிறகு செய்வம்" எண்டு இன்னும் சொல்லுறாங்கள். அது பழைய முறை ஒப்பரேஷன் காலத்துக் கதை. இப்ப லென்ஸை உள்ளுக்கையே உடைச்சு உறிஞ்சி எடுக்கிறது, முத்தினா கல்லு மாதிரி இறுகி டொக்டருக்கும் கஷ்டம் கண்ணுக்கும் கஷ்டம்.

எல்லாம் கட்ராக்டும் இல்ல. குளுக்கோமா எண்டது அனேகமா கண்ணுக்குள்ள பிரஷர் கூடி கண் நரம்பு பழுதாகிறது, பார்வையை ஓரத்தில இருந்து மெதுவா தின்னும், நோகாது, போனது திரும்பாது, அப்பாவுக்கோ அக்காவுக்கோ இருந்தா நீங்களும் காட்டோணும். சீனி வருத்தம் இருக்கிறவங்க கண் நல்லாத் தெரிஞ்சாலும் வருசத்துக்கு ஒருக்கா பாவை விரிய சொட்டு மருந்து விட்டு விழித்திரையைக் காட்டோணும். புறக்கோட்டை நடைபாதையில வாங்குற ரெடிமேட் கண்ணாடிய நான் குறை சொல்ல மாட்டன், பேப்பர் வாசிக்க உதவும்தான், ஆனா அத விக்கிறவர் உங்கட கண் பிரஷரைப் பார்க்க மாட்டார்.

வீட்டுல செய்யிறது லேசு. சுவரில இருக்கிற கலண்டரை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கோ, பிறகு மற்றக் கண்ணை. அம்மா அப்பாவையும் செய்யச் சொல்லுங்கோ, பக்கத்தில நிண்டு, ஏனெண்டா அவங்கள் விரலுக்குள்ளால எட்டிப் பார்ப்பாங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒப்பரேஷனுக்கு திகதி கிடைச்சிட்டுது. போகேக்க வாசல்ல நிண்டு, "தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரட்டோ? அண்டைக்கு அது 102தான், ஏறு எண்டு சொன்னதே அவதான்" எண்டா.