‘ஜெயிக்கத் தெரிந்த டீம்’ என்று ஒன்று கிடையாது, தம்பி

இந்தக் கோடையில் என்னிடம் வந்த நான்காவது எக்செல் ஷீட் இது. அனுப்பியவன் நண்பரின் மகன். வயது 24, இங்கே நியூ ஜெர்சியிலேயே ஐ.டி. வேலை. “அங்கிள், நீங்க ஆக்சுவரிதானே, சும்மா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க” என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி. (ஆக்சுவரி என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆபத்தைக் கணக்குப் போடுகிறவன்.) திறந்தால், அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். அணிகள் 32-க்கும் அடுத்த சீசனில் எத்தனை வெற்றி என்று ஆளுக்கொரு எண். அதிலும் இரண்டு தசமப் புள்ளி வேறு. 11.37 வெற்றியாம். அந்த .37-ஐ எந்த மைதானத்தில் போய் ஆடுவார்கள் என்று தெரியவில்லை.

சரி, பையன் ஆசைக்குச் செய்கிறான் என்று நினைத்து அடுத்த டேபைத் திறந்தேன். அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. போன சீசனில் அவன் கட்டிய பெட்டுகளின் பட்டியல். முதல் வரியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், ‘ஓவர்’ (பெட்டிங் நிறுவனம் சொல்லும் எண்ணைவிட அதிகம் ஜெயிக்கும் என்று கட்டுவது), 2,200 டாலர். 2024-இல் 15 வெற்றி, 2 தோல்வி என்று முடித்த அணி ஆயிற்றே, கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம் என்று கட்டியிருக்கிறான். 2025-இல் அந்த அணி 6 வெற்றி, 11 தோல்வி. பிளேஆஃபுக்கே, அதாவது சீசன் முடிந்து நடக்கும் நாக்-அவுட் சுற்றுக்கே, போகவில்லை. பக்கத்துக் கட்டத்தில் பையன் எழுதி வைத்திருந்த குறிப்பு: “மஹோம்ஸ் இஞ்சுரி. பேட் லக்.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் குறிப்புதான். மஹோம்ஸ் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்தி பந்தை எறிபவர். அவருக்கு முழங்காலில் அடிபட்டது டிசம்பர் பாதியில். அந்த ஆட்டத்துக்கு முன்பே அணி வென்றதைவிடத் தோற்றது அதிகம். அது போகட்டும். 2025-இல் நடந்ததற்கு மட்டும் லக் என்று பெயர் வைக்கிறானே, 2024-இல் நடந்ததற்கு என்ன பெயர்?

கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 2024 சீசனின் முதல் ஆட்டம், பால்டிமோர் ரேவன்ஸோடு. கடைசிப் பந்தில் ரேவன்ஸ் வீரர் எண்ட் ஸோனில் (பந்தைப் பிடித்தால் பாயின்ட் கிடைக்கும் கடைசிப் பகுதி) பந்தைப் பிடித்துவிட்டார், ஆனால் கால் விரல் எல்லைக் கோட்டில், அதனால் செல்லாது. சீஃப்ஸ் 27-20. நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் கடைசி நொடியில் 35 கஜத்தில் இருந்து ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 பாயின்ட்) அடிக்கிறார்கள், அது தடுக்கப்படுகிறது. 16-14. (தடுத்தது உழைப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை அடுத்த வருடக் கணக்கில் எழுதி வைக்க முடியாது.) அதே மாதக் கடைசியில் ரெய்டர்ஸ் வெற்றிக்கான ஃபீல்ட் கோல் தூரத்துக்கு வந்துவிட்டு, குவார்ட்டர்பேக் கைக்கே பந்தை ஒழுங்காகக் கொடுக்காமல் நழுவவிட்டார்கள். 19-17. டிசம்பரில் சார்ஜர்ஸோடு ஆடும்போது சீஃப்ஸ் அடித்த கடைசி உதை கம்பத்தில் பட்டு உள்பக்கம் விழுந்தது. மறுபடி 19-17. அந்தச் சீசனில் 8 பாயின்டுக்குள் முடிந்த ஆட்டங்களில், அதாவது ஒரே ஸ்கோரில் சமன் ஆகிவிடக்கூடிய ஆட்டங்களில், அவர்களுடைய கணக்கு 11-0. ஒன்றுகூடத் தோற்கவில்லை.

இதைப் பார்த்துத்தான் பையன் ஷீட்டில் ‘கிளட்ச்’ என்று ஒரு நெடுவரிசை போட்டிருந்தான். நெருக்கமான ஆட்டத்தில் ஜெயித்தால் கூடுதல் மதிப்பெண். “அங்கிள், அவங்களுக்கு ஜெயிக்கத் தெரியும்.” 20 வருடத்துக்கு மேலாகக் காப்பீட்டுக் கணக்குப் போட்டுச் சாப்பிடுகிறேன். இந்த ஒரு வாக்கியம் மாதிரி என் பொறுமையைச் சோதிப்பது வேறில்லை. டிவி காரர்கள் சொல்லலாம், அது அவர்கள் பிழைப்பு. நீ ஏன் சொல்கிறாய்?

நண்பர்களில் 32 பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு 17 தடவை காசு சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால் வெற்றி. 11 அல்லது அதற்கு மேல் தலை விழுவதற்கு ஒருவருக்கு உள்ள வாய்ப்பு ஏறக்குறைய 6-இல் 1. அப்படியானால் 32 பேரில் ஐந்து பேராவது, சராசரியாக, 11 வெற்றியோடு மார் தட்டுவார்கள். இன்னொரு ஐந்து பேர் 6-ஐத் தாண்டாமல் கோச்சை மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். காசு சுண்டுவதில் யாரும் கெட்டிக்காரர் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பேஸ்பாலில் ஒரு அணி 162 ஆட்டம் ஆடுகிறது, அங்கே அதிர்ஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சமப்பட்டுவிடும். இங்கே இருப்பதே 17. அதில் பாதிக்குப் பாதி கடைசி ஐந்து நிமிடத்தில் தீர்மானம் ஆகிற சங்கதி.

அணிகள் எல்லாம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நல்ல அணிக்கும் மோசமான அணிக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை பாயின்ட் எடுத்தது, எத்தனை கொடுத்தது என்பதில் தெரியும். 20 பாயின்டில் ஜெயிப்பவன் பலசாலி. 2 பாயின்டில் ஜெயிப்பவன் அன்றைக்கு ஜெயித்தான், அவ்வளவுதான். புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் பேஸ்பாலுக்காகச் சொன்ன ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. எடுத்த பாயின்டையும் கொடுத்த பாயின்டையும் அடுக்கில் உயர்த்தி, எடுத்தது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அந்த அடுக்கு 2.37 என்று வைத்துக்கொள்வது வழக்கம். 2024-இல் சீஃப்ஸ் எடுத்தது 385, கொடுத்தது 326. போட்டு, 17-ஆல் பெருக்கிப் பாருங்கள், 10 வெற்றிதான் வருகிறது, 15 இல்லை. கடைசி ஆட்டத்தில் முக்கிய வீரர்களை உட்கார வைத்து 38-0 என்று தோற்றார்களே என்று கேட்பீர்கள். அதைக் கழித்தாலும் 15 வராது.

இதற்கு முன்னோடி மினசோட்டா வைக்கிங்ஸ். 2022-இல் 13 வெற்றி, 4 தோல்வி. நெருக்கமான ஆட்டங்களில் அவர்களும் 11-0. ஆனால் சீசன் முழுவதும் எடுத்த பாயின்ட் 424, கொடுத்தது 427. 13 ஆட்டம் ஜெயித்த அணி மொத்தத்தில் மூன்று பாயின்ட் பின்தங்கியிருந்தது! பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே ஜயண்ட்ஸிடம் வீட்டிலேயே தோற்றது. அடுத்த வருடம் 7-10. அப்போதும் குவார்ட்டர்பேக் காயத்தின் மேல்தான் பழி போட்டார்கள்.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. ஒருவர் இரண்டு வருடம் கார் மோதாமல் ஓட்டினார் என்றால் அவர் இனி மோதவே மாட்டார் என்று பிரீமியத்தைப் பூஜ்யம் ஆக்குவதில்லை. அவருடைய சொந்தக் கணக்குக்கு ஒரு எடை, அவரைப் போன்ற எல்லோருடைய சராசரிக்கு மீதி எடை. சொந்தக் கணக்கு சிறியதாக இருந்தால் அதன் எடையும் சிறியது. 17 ஆட்டம் மிகச் சிறிய கணக்கு. ஒரு சீசனில் சராசரி வெற்றி 8.5. ஒரு அணி 13 வென்றிருந்தால், 8.5-க்கு மேல் உள்ள அந்த 4.5-இல் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதற்குக் கொஞ்சம் மேலே விட்டுவிட்டு மீதியை நான் வெட்டிவிடுவேன். அப்படியென்றால் அடுத்த வருடத்துக்கு 10. கீழே இருப்பவர்களுக்கும் இதே கத்திதான், தலைகீழாக. 4 வென்ற அணிக்கு 7 எழுதுவேன். டிராஃப்டில் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) கடைசி அணிக்கு முதல் இடம், எல்லோருக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. லீகே இப்படி நடுவுக்கு இழுக்கத்தானே கட்டப்பட்டிருக்கிறது? வாஷிங்டன் கமாண்டர்ஸ் 2023-இல் 4 வெற்றி, 2024-இல் ஜேடன் டேனியல்ஸ் என்ற புதுப் பையனோடு 12, 2025-இல் மறுபடி 5. இதை முன்கூட்டியே சொன்னேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸும் 15-2. ஆனால் அவர்கள் 564 எடுத்து 342 கொடுத்தவர்கள், அது நிஜ பலம். அதனால் அவர்களை மட்டும் அதிகம் வெட்டாமல் 12 என்று எழுதினேன். 9-8 என்று முடித்து பிளேஆஃபுக்கு வெளியே நின்றார்கள். இரண்டு உதவிக் கோச்சுகள், பென் ஜான்சனும் ஏரன் க்ளென்னும், வேறு அணிகளுக்குத் தலைமைக் கோச்சாகப் போயிருந்தார்கள். அதற்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போதும் தெரியாது. அதனால்தான் நான் ஒற்றை எண்ணாக எழுதுவதை விட்டுவிட்டேன். வரம்பாக எழுதுகிறேன்: 7 முதல் 12 என்பது மாதிரி. பையனின் ஷீட்டிலும் அப்படியே மாற்றி அனுப்பினேன். “இவ்வளவு அகலமா இருந்தா எப்படி அங்கிள் பெட் போடறது?” என்று உடனே பதில். அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொரு எரிச்சல், ‘ஷெட்யூல் ஈஸி’. மே மாதம் அட்டவணை வந்ததும் எதிரணிகளின் போன வருட வெற்றியைக் கூட்டி, யாருக்கு லேசு, யாருக்குக் கஷ்டம் என்று வரிசைப்படுத்துவார்கள். 17 ஆட்டத்தில் 14 சுழற்சி முறையில் ஏற்கெனவே முடிவானவை. அதே டிவிஷனில் (நான்கு அணிகள் கொண்ட பிரிவு) இருக்கும் இன்னொரு அணிக்கும் அதே எதிரணிகள்தான். போன வருட இடத்தைப் பொறுத்து மாறுவது மூன்றே மூன்று ஆட்டம். அதோடு, போன வருட வெற்றி எண்ணிக்கையே நம்பத்தகாதது என்று மேலே இவ்வளவு மூச்சைப் பிடித்துச் சொன்னேனே, அதையே கூட்டி வைத்தால் எங்கே போய்ச் சொல்வது?

காயத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, யாருக்கும் தெரியாத விஷயம் அது. 2023-இல் ஜெட்ஸ் அணிக்குக் குவார்ட்டர்பேக்காக வந்த ஏரன் ராஜர்ஸ் நான்காவது பந்திலேயே குதிகால் தசைநாண் அறுந்து சீசனை முடித்துக்கொண்டார். எந்த ஷீட்டில் அதற்கு ஒரு நெடுவரிசை இருந்தது?

இனி பணம். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டு பெட்டிங்குக்கு எதிரான பழைய தடைச் சட்டத்தை ரத்து செய்தது. வழக்கு நடத்தியதே எங்கள் நியூ ஜெர்சிதான். அதிலிருந்து பெட்டிங் ஃபோனுக்குள் வந்துவிட்டது. வழக்கமான கட்டணம்: 100 டாலர் ஜெயிக்க 110 கட்ட வேண்டும். அதாவது 100-இல் 52-க்கு மேல் சரியாகச் சொன்னால்தான் நஷ்டம் இல்லை. அப்புறம் ‘பார்லே’. ஐந்து அணிகளைச் சேர்த்துக் கட்டினால் ஐந்தும் சரியாக வர வாய்ப்பு 32-இல் 1. நியாயமாக 31 மடங்கு லாபம் தர வேண்டும், கையில் வருவது 24 மடங்குக்குப் பக்கம். பையனின் பட்டியலில் பார்லே ஏழு. ஒன்றும் வரவில்லை.

ஆகவே தம்பிகளே, கணிக்கப் போகிறீர்கள் என்றால் வெற்றி தோல்வியைப் பார்க்காதீர்கள், பாயின்ட் வித்தியாசத்தைப் பாருங்கள். நெருக்கமான ஆட்டங்களில் 9-1, 10-0 என்று இருக்கும் அணி எது என்று தேடி, அதைக் கீழே இறக்குங்கள். 1-9 இருந்தால் மேலே ஏற்றுங்கள். குவார்ட்டர்பேக் மாறினானா, கோச் மாறினாரா, கேளுங்கள். தசமப் புள்ளியைத் தூக்கிப் போடுங்கள். ஏ.ஐ. உங்களுக்குப் ‘பழைய சீசன்களில் 94 சதவீதம் சரி’ என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். விடையைப் பார்த்துப் பரீட்சை எழுதியிருக்கிறது. ஆகஸ்டில் எழுதியதை ஜனவரி வரை அழிக்காமல், திருத்தாமல் வையுங்கள். நண்பர்களோடு பந்தயம் என்றால் பிரியாணியோடு நிறுத்துங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று, இது திட்டு இல்லை, வேண்டுகோள். 21 வயது ஆனவனின் கிரெடிட் கார்டை நீங்கள் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கும்போது அவன் கண் டிவியைவிட ஃபோனில் அதிகம் இருந்தால், தனக்குப் பிடித்த அணி ஜெயித்தும் முகம் தொங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். கத்தினால் அடுத்த முறை மறைப்பான். 1-800-கேம்ப்ளர் (1-800-GAMBLER) என்ற சூதாட்டப் பழக்கத்துக்கு உதவும் இலவச எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். நியூ ஜெர்சியில் தன்னைத் தானே தடை செய்யச் சொல்லி மாநிலத்திடம் எழுதிக் கொடுக்கலாம், குறைந்தது ஒரு வருடம் மாநில உரிமம் உள்ள எந்த பெட்டிங் ஆப்பும் உள்ளே விடாது.

பையன் ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். அப்பாவிடம் அவனே சொல்வதாகச் சொன்னான், நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஷீட்டை மட்டும் அழிக்க மனம் வரவில்லையாம். வைத்துக்கொள், ஜனவரியில் சேர்ந்து உட்கார்ந்து திருத்துவோம் என்றேன். லயன்ஸுக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டான். 6 முதல் 12.