பெயர் அழிந்த எஞ்சினை இனங்காண்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரம் வாங்குகிறவர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். செய்த நாட்டின் முத்திரை அடியில்தான் இருக்கும். பழைய இரும்புக் கடையில் துருவேறி நிற்கும் பிக்கப்பின் எஞ்சினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வண்டியின் முகப்பிலுள்ள பெயரை நம்புவதற்கில்லை. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது நம் ஜீப்புகளுக்கு நெடுங்காலம் வழக்கமாக நடந்த வேலை.

பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில், புடைத்து நிற்கும் எழுத்துகள் வார்ப்பு எண்கள். ஒரே வடிவமைப்பில் வார்த்த பிளாக்குகளுக்கு அவை பொது. குழியாகக் குத்தப்பட்டதே அந்த ஓர் எஞ்சினுக்கு மட்டும் உரிய எண், ஆர்.சி. புத்தகத்தில் ஏறுவது அதுதான். குத்தும் அடியில் கீழேயுள்ள உலோகமும் நசுங்குவதால், மேற்பரப்பைத் தேய்த்து அழித்த எண்ணைக்கூட அமிலம் பூசித் தடயவியலார் சில சமயம் மீட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் கிடைக்காதபோது எஞ்சினின் உடலே சாட்சி. தீப்பொறி பிளக்குகளுக்குப் பதில் டீசலைப் பீய்ச்சும் நாசில்களும் தடித்த எஃகுக் குழாய்களும் இருந்தால் அது டீசல். நாசிலுக்கு அருகே, கிளப்புவதற்கு முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளும் இருந்தால், டீசல் முதலில் ஹெட்டிலுள்ள (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி) சிறு அறையில் எரியும் பழைய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். மஹிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 அவ்வகையே. அந்தப் பெயரே ஒரு துப்பு: 4 சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்). ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரம், 83 மி.மீ. என்பதால் கொள்ளளவு 2112 சி.சி. ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டன் தலையில் ஆழமான கிண்ணம் தெரிந்தால், அது நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் வகை. மஹிந்திராவின் 2523 சி.சி. எஞ்சின் இத்தகையது. அதன் போர் 88.9, ஸ்ட்ரோக் 101.6 மி.மீ.; இந்த அளவுகள் சரியாக மூன்றரை அங்குலமும் நான்கு அங்குலமும் ஆகும். வரைந்தவர் மேசையில் அங்குல அளவுகோல் இருந்திருக்கிறது.

போர் அளவு மட்டும் ஏமாற்றும். தேய்ந்த சிலிண்டரை அரை மி.மீ. கூட்டிக் கடைந்திருந்தால், 88.9 என்பது 89.4 ஆகி, 90-க்கு அருகில் வந்து நிற்கும். ஸ்ட்ரோக்கை நிர்ணயிப்பது பிஸ்டனோடு இணைந்து சுழலும் கிராங்க் தண்டு. கடைசல் அதைத் தொடாது. ஆகவே பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதும் அடியில் நிற்கும்போதும் ஆழத்தை அளந்து கழித்துப் பார்க்க வேண்டும். விடை 83-க்கு அருகே வருகிறதா, 101-ஐத் தாண்டுகிறதா என்பதில் இந்த இரண்டுக்கும் குழப்பமே வராது.